இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்

இல்ல மேடம், கண்ணாடிய முழுசா ஏத்திடாதீங்க. இந்த ஜீப்புல ஏத்தினா ஏத்தினதுதான், அப்புறம் இறக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். பாதியில விட்டுடுங்க. தூசி கொஞ்சம் வரும், பரவால்ல, அந்தப் பாலம் தாண்டினா தார் ரோடு வந்துடும்.

என்ன கேட்டீங்க? ஓ, அதுவா. டைரக்டருக்குத் தெரியும். டூர் ரிஜிஸ்டர்ல எழுதித்தான் வண்டி எடுத்தேன். கன்சல்டன்ட்டுக்கு டவர் காட்டப் போறேன்னு. அவரு சொன்னாரு, டவர ஆபீஸ் மொட்டை மாடியில இருந்தே காட்டலாமேய்யா, அதுக்கு எதுக்கு ரெண்டரை மணி நேரம்னு. நான் சிரிச்சு வச்சுட்டு வந்துட்டேன். நீங்களும் காலையில இருந்து மூணு தடவை கேட்டுட்டீங்க, ஏன் அந்த டவருன்னு. சொல்றேன். போற வழி பூரா வேற என்ன வேலை நமக்கு? டிரைவர் தம்பி வாயே தொறக்க மாட்டாரு, ரேடியோவும் ரிப்பேர். நான் ஒருத்தன்தான் பேசணும்.

உங்க லெட்டர் வந்துச்சு மேடம். நேத்து மத்தியானம். பதினாலாம் நம்பர் வேலை பத்தி.

படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பிழை கிடையாது, ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. நாங்க குடுத்த பட்டியல்ல பதினாலு வேலை இருக்கு. போன் கம்பெனி நடத்த யாருக்கு லைசென்ஸ் குடுக்கலாம், எத்தனை வருஷத்துக்கு, என்னென்ன நிபந்தனை, மீறினா என்ன தண்டனை, எல்லாத்துக்கும் நீங்க விதி எழுதித் தரணும். அதுல பதிமூணு வேலைய நீங்க ஒத்துக்கிட்டீங்க. பதினாலாவது, கரண்ட் போனா ஒரு டவர் எத்தனை மணி நேரம் தாக்குப் பிடிக்கணும்னு விதி எழுதறது. அதுக்கு அறுநூறு டவரையும் நேர்ல பாக்கணும், கம்பெனிக்காரங்க பேட்டரி விவரம் தர மாட்டேங்கறாங்க, தொண்ணூறு நாள்ல முடியாது, அதனால அத மட்டும் இரண்டாம் கட்டத்துல வச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. சரிதானே? கரெக்டா சொல்லிட்டேனா?

டைரக்டர் உங்க லெட்டர் ஓரத்துல ஆகட்டும்னு எழுதி எனக்குத் தள்ளி விட்டுட்டாரு. பென்சில்ல. அவருக்கு எங்க செக்‌ஷன்ல பேரே பென்சில்தான், நீங்க வெளிய சொல்லிடாதீங்க. எதையும் பேனாவுல எழுத மாட்டாரு. நாளைக்கு ஏதாவது வந்துச்சுன்னா ஒரு ரப்பர் போதும் பாருங்க. பேனா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. நான் பேனாவுல பதில் எழுதணும், நாளைக்கு அது உங்க கையில இருக்கணும்.

அய்யோ, உங்களக் குத்தம் சொல்லல மேடம். உங்களுக்கு மேல இருக்கறவங்க எழுதச் சொல்லியிருப்பாங்க. தெரியாதா என்ன. நானும் இதே துறையில இருபத்தாறு வருஷம். டெண்டர் கமிட்டி மீட்டிங்ல பேப்பர் கட்டு தூக்கிட்டுப் போறது நான்தான். உங்க கம்பெனிக்கு நூத்துக்கு எண்பத்தி ஒண்ணு மார்க். அதுல இருபது, டீம் தலைவர்னு நீங்க போட்டோ போட்டு அனுப்பின அந்த வெள்ளத் தாடிப் பெரியவரோட பயோடேட்டாவுக்கு. பதினேழு நாடு, முப்பது வருஷ அனுபவம். சரி, பெரியவரு வந்து இறங்குவாருன்னு பாத்தா நீங்க வந்து இறங்குனீங்க. சிரிக்காதீங்க. போட்டோவுல ஒருத்தரு, நேர்ல ஒருத்தரு, எங்க துறையில அது பழகிப் போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க பழைய ஃபைல முழுசாப் படிச்சிருக்கீங்க. பக்கம் மடிச்சு மடிச்சு வச்சிருந்ததப் பாத்தேன். அதனாலதான் உங்களக் கூட்டிட்டு வரணும்னு தோணுச்சு. படிக்காதவங்களுக்கு எதைக் காட்டி என்ன பிரயோஜனம்?

தம்பி, அந்த லாரிக்குப் பின்னாடியே போகாதீங்க, ஒதுங்கி வாங்க.

உங்களுக்கு முன்னாடி ஒரு கன்சல்டன்ட் வந்தாரு. ஏழு வருஷம் ஆச்சு. அப்ப போனுன்னா கவர்மென்ட் கம்பெனி ஒண்ணே ஒண்ணுதான். தாத்தா மனு போட்டா பேரன் எடுத்துப் பேசுவான். சரி, தனியாருக்குத் தொறந்து விடுவோம்னு மேல முடிவாச்சு. தொறக்கணும்னா லைசென்ஸ் குடுக்கணும். லைசென்ஸ் குடுக்க விதி வேணும். விதி எழுத எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களக் கூப்பிடணும். கூப்பிடறதுக்கு ஒரு டெண்டர், அந்த டெண்டருக்கு ஒரு கமிட்டி. ஒண்ணரை வருஷம் ஓடுச்சு. கடைசியில ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி வந்துச்சு. அதோட தலைவர் எப்பவும் ஒரு தொப்பி போட்டுட்டு இருப்பாரு, ரூமுக்குள்ளயும் கழட்ட மாட்டாரு. நாங்க தொப்பிக்காரர்னுதான் சொல்லுவோம்.

தொப்பிக்காரர் மொத்தமா மூணு தடவை வந்தாரு. ஆரம்பத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, செக்குக்கு ஒண்ணு. இருநூத்தி நாப்பது பக்கத்துல விதி எழுதிக் குடுத்தாரு. வழவழன்னு பேப்பரு, கையில பிடிச்சா வழுக்கும். அதுல அறுபத்திரெண்டாம் பக்கத்துல என்ன இருக்கு தெரியுமா? நீங்கதான் படிச்சீங்களே. ஆங், அதேதான். டவர் உச்சியில சேர்ற பனிக்கட்டிய இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள அகற்றணும். நம்ம ஊர்ல பனிக்கட்டிய ஃப்ரிட்ஜுக்குள்ளதான் பாத்திருக்கோம். ஈயடிச்சான் காப்பின்னா இதுதான். எந்தக் குளிர் நாட்டுக்கோ எழுதினத அப்படியே எடுத்து, நாட்டுப் பேர மட்டும் மாத்திட்டாரு. ரெண்டு இடத்துல அதைக்கூட மாத்தல.

நாங்க அத சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். டீ நேரத்துக்கு யாராவது லேட்டா வந்தா, என்னய்யா, டவர்ல பனிக்கட்டி அள்ளிட்டு வர்றியான்னு கேப்போம். ரொம்ப நாள் சிரிச்சோம் மேடம்.

யாருமே கவனிக்காத விஷயம் ஒண்ணு. இருக்கக் கூடாதது இருந்துச்சு, அது கண்ணுக்குத் தெரிஞ்சுது, சிரிச்சோம். இருக்க வேண்டியது இல்ல. இல்லாதது கண்ணுக்கு எப்படித் தெரியும்? அந்தக் குளிர் நாட்டுல கரண்ட்டே போகாதாம். அதனால கரண்ட் போனா டவர் என்ன பண்ணணும்னு அவங்க விதியில ஒரு வரி கிடையாது. இங்க காத்து பலமா அடிச்சாலே கரண்ட்டப் புடுங்கிடுவாங்க. அப்ப இங்கயும் வரி இல்லாம போச்சு.

ஆனா அந்தாளு மேலயும் முழுசாப் பழி போட முடியாது. ஏன்னா, எங்க பட்டியல்ல அந்த வேலை இருந்துச்சு. இதே பதினாலாம் நம்பர். ஏழு வருஷம் முன்னாடியே.

ஆமா. ஃபைல்ல நீங்க பாத்திருக்க மாட்டீங்க, அது வேற கட்டுல இருக்கு. சொல்றேன், தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்க செக்‌ஷன்ல ஒரு ஆபீசர். டெண்டர் பேப்பர் எல்லாம் தயார் பண்றது அவருதான். கெட்டவர் இல்ல. அதுக்குன்னு ரொம்ப நல்லவர்னும் சொல்ல முடியாது. பத்து மணிக்கு வருவாரு, மேசையத் துடைப்பாரு, கையெழுத்து அழகா இருக்கும். மேல இருக்கறவங்ககிட்ட திட்டு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கையில. நானா? நானும் அதே செக்‌ஷன்தான் மேடம். பக்கத்துல. ரொம்பப் பக்கத்துல.

எனக்கு ஒரு அக்கா. இப்ப போறமே, அந்த ஊர்லதான் வீடு. அத்தான் சீக்கிரமே போயிட்டாரு, பிள்ளை குட்டி கிடையாது. தையல் மெஷின் ஒண்ணு, காலால மிதிக்கிறது, அத வச்சுக்கிட்டு அந்த ஊர் ஸ்கூல் பிள்ளைங்க பூரா பேருக்கும் யூனிஃபார்ம் தைக்கும். வாய் ஜாஸ்தி அக்காவுக்கு. அளவெடுக்கறப்பவே அம்மாக்காரியத் திட்டும், பிள்ளைக்குச் சோறு போடறியா இல்லையா, போன வருஷ அளவேதான் இருக்குன்னு. என்னையும் விடாது. நான் எப்பப் போனாலும் ஒரே பாட்டு. டேய், மழை வந்தா ஊர்ல எல்லாரும் முழிச்சிருக்கோம், உன் டவர் மட்டும் முதல்ல தூங்கிடுது. ஊருக்கே இருக்கறது போஸ்ட் ஆபீஸ்ல ஒரு போனு, அவசரத்துக்கு அதுல ஒரு ஆள கூப்பிட முடியல. நீதானே பெரிய ஆபீஸ்ல உக்காந்து எழுதற. இதையும் ஒரு வரி எழுதுடான்னு.

அது என் டவர் இல்லக்கான்னு சொல்லுவேன். பின்ன யார் டவரு, எனக்குத் தெரிஞ்சு டெலிபோன் ஆபீஸ்ல இருக்கறவன் நீ ஒருத்தன்தான்னு சொல்லும்.

அத நான் அந்த ஆபீசர் காதுல போட்டேன்னு வச்சுக்கோங்க. அவருக்கும் நியாயமாப் பட்டுச்சு. அதுக்குள்ள பட்டியல் மேல போயி பதிமூணு வேலைக்கு ஒப்புதல் வாங்கிட்டு வந்தாச்சு. பதிமூணு வேலை, தொண்ணூறு நாள், கையெழுத்து, சீல், எல்லாம் முடிஞ்சுது. திரும்ப ஒரு வரி சேக்கணும்னா ஃபைல் மறுபடி எல்லா மேசையும் ஏறி இறங்கணும். நாலு மாசம். இவரு என்ன பண்ணாரு, டைப்புக்குக் குடுக்கறப்ப கடைசியில கையால ஒரு வரி சேத்துட்டாரு. பதினாலு, மின்தடையின்போது கோபுரங்கள் இயங்க வேண்டிய கால அளவு. யார்கிட்டயும் கேக்கல. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு தைரியம். டைரக்டர் எப்பவும் கையெழுத்துப் போடற இடத்தத்தான் பாப்பாரு, அதுக்கு மேல இருக்கறதப் படிக்க மாட்டாரு. அப்படியே அச்சாகி வெளிய போயிடுச்சு.

அந்த வாரம் போஸ்ட் ஆபீஸ் போன்ல அக்காவக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. எழுதியாச்சுக்கான்னு. அக்கா நம்பல. எழுதினா சரி, எரியும்போது பாக்கறேன்னுச்சு. டவர் உச்சியில செகப்பு லைட் இருக்குல்ல, கரண்ட் போனா அது அணைஞ்சுடும். அதத்தான் சொல்லுச்சு.

டீ குடிக்கிறீங்களா? இங்க ஒரு கடை இருக்கு. வேணாமா, சரி. எனக்கும் வேணாம். நான் டீ விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

எங்க விட்டேன்? ஆங். டெண்டர் பேப்பர் வாங்கிட்டுப் போன கம்பெனிங்க சந்தேகம் கேக்கறதுக்கு ஒரு நாள் வைப்போம்ல. எழுத்துல கேப்பாங்க, நாங்க எழுத்துல பதில் சொல்லுவோம். அந்தப் பதில் எல்லாருக்கும் போகும், ஒப்பந்தத்தோட கடைசியில அதையும் சேத்துத் தைச்சுடுவோம். அதுக்கப்புறம் பட்டியல்ல என்ன இருந்தாலும் செல்லாது, பதில்ல என்ன இருக்கோ அதுதான் சட்டம். நாப்பத்தி மூணு கேள்வி வந்துச்சு. இருபத்தொன்பதாவது கேள்வி தொப்பிக்காரர் கம்பெனியோடது. பக்கம் மூணுல பதிமூணு வேலைன்னு இருக்கு, பக்கம் பதினொண்ணுல பதினாலு இருக்கு, எது சரி?

அவ்வளவுதான் கேள்வி. ஒரே வரி. அந்தாளு கெட்ட எண்ணத்துல கேக்கல. கணக்கு இடிக்குது, கேட்டாரு.

ஆபீசர் கணக்குப் போட்டுப் பாத்தாரு. பதினாலுதான் சரின்னு எழுதினா, பதினாலாவது எங்கேருந்து வந்துச்சுன்னு மேல கேப்பாங்க. ஒப்புதல் இல்லாம கவர்மென்ட் பேப்பர்ல ஒரு வரி சேத்தது யாருய்யான்னு கேப்பாங்க. மெமோ வரும். அந்த வருஷம் அவரு பேரு புரமோஷன் லிஸ்ட்ல இருந்துச்சு. நிதியாண்டு முடிய இன்னும் மூணு வாரம், டெண்டர் தள்ளிப் போச்சுன்னா பென்சில் இவர உயிரோட உரிச்சுடுவாரு. சரி, பதிமூணுதான் சரி, பதினாலாவது தப்பா அச்சாயிடுச்சுன்னு எழுதலாம். அதுக்கும் மனசு வரல. கண்ணு முன்னாடி வந்து நிக்குது... நிக்குதாம், அந்த ஆபீசருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாசகம் கண்டுபிடிச்சாரு. பதிமூன்று என்பதே சரி. பதினான்காவது பணி இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. பொய் கிடையாது. மறுக்கவும் இல்ல. யாரும் யாரையும் கேக்க முடியாது. இரண்டாம் கட்டம்னு ஒண்ணு எந்த ஃபைல்லயும் கிடையாது மேடம், அந்த நிமிஷம் அந்த மேசையில பொறந்ததுதான். பக்கத்துல டீ இருந்துச்சு, ஆவி பறந்துட்டு இருந்துச்சு. எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காயறதுக்கு ஊதி, டெஸ்பாட்ச்சுக்கு அனுப்பிட்டு, அப்புறம் டீயக் குடிச்சாரு. நிம்மதியா இருந்துச்சு. புரமோஷனும் வந்துச்சு.

நீங்க என் மூஞ்சியவே பாக்காதீங்க மேடம், வெளிய பாருங்க. ஆறு தெரியுது பாருங்க. இப்ப எப்படி கெடக்கு, நாய் கூடத் தாண்டிடும். இங்கேருந்து ஊர் வரைக்கும் இந்த ஆத்தோரமாத்தான் போவோம்.

அப்புறம் என்ன, லைசென்ஸ் குடுத்தாங்க. தனியார் கம்பெனி வந்துச்சு. நல்லதும் நடந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஆடு மேய்க்கிறவர் கையில கூட போன் வந்துடுச்சு. அக்காவும் ஒண்ணு வாங்குச்சு. ஈரம் படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரப்பர் பேண்ட் சுத்தி, தையல் மெஷின் ஓரத்துல ஒரு ஆணியில மாட்டி வச்சிருக்கும். கவருக்கு மேலயே நம்பர அமுக்கும். கழட்டிப் பேசுக்கான்னா கேக்காது. ஊர்ல இருந்த டவர எடுத்துக்கிட்ட கம்பெனிக்காரன் அதுல பேட்டரி வச்சான். எவ்வளவு நேரத்துக்கு? அவன் இஷ்டம். லைசென்ஸ்ல ஒண்ணும் சொல்லலையே. ரெண்டரை மணி நேரத்துக்கு வச்சான். அவன் வியாபாரி, விதியில இல்லாதத எதுக்குச் செய்யப் போறான்?

ரெண்டு வருஷம் முன்னாடி மழை. ஒரு செவ்வாய்க்கிழமை. காத்து அதிகம்னு காலையில ஏழு மணிக்குக் கரண்ட்ட நிறுத்தினாங்க. ஒம்போதரைக்கு டவர் செத்துப் போச்சு. மேல அணை இருக்குல்ல, அது நிரம்பிடுச்சு. பன்னண்டு மணிக்கு ஷட்டரத் தொறக்க முடிவு பண்ணி, ஆத்தோரத்துல இருக்கற எல்லா போனுக்கும் மெசேஜ் அனுப்பினாங்க. அந்த ஆபீஸ்காரங்க அவங்க வேலையச் சரியாச் செஞ்சாங்க மேடம். பன்னண்டு பத்துக்கு அனுப்பிட்டாங்க, ரிப்போர்ட்ல இருக்கு. தண்ணி இந்த ஊருக்கு வந்தப்ப மணி மூணு. மேட்டுல ஸ்கூல் இருக்கு, நடந்தா பத்து நிமிஷம். பிள்ளையத் தூக்கிட்டு, ஆட்ட இழுத்துட்டுப் போனாலும் பதினஞ்சு நிமிஷம். கிட்டத்தட்ட மூணு மணி நேரம் இருந்துச்சு.

பதினோரு பேரு.

விசாரணை வச்சாங்க. இயற்கைப் பேரிடர்னு எழுதினாங்க. போன் கம்பெனி லைசென்ஸ் நிபந்தனை எதையும் மீறலன்னும் எழுதினாங்க. உண்மைதானே, இல்லாத நிபந்தனைய எப்படி மீறுவான்? கடைசிப் பக்கத்துல ஒரு பரிந்துரை. விதிகளத் திருத்தணும், புதுசா கன்சல்டன்ட் போடணும். அதுதான் நீங்க. இந்தத் தடவை பதினாலாம் நம்பர ஒளிச்சு மறைச்சு வைக்கல. முறையா நோட் போட்டு, ஒம்போது மேசைக்கும் நானே கையில தூக்கிட்டுப் போய் நின்னு கையெழுத்து வாங்கினேன். பென்சில்கிட்ட பேனாவக் குடுத்து வாங்கினேன். அப்படி வாங்கினது. அதத்தான் உங்க லெட்டர்ல இரண்டாம் கட்டம்னு பாத்தேன். நீங்களாத்தான் எழுதியிருக்கீங்க, எங்கயும் பாத்து எழுதலன்னு தெரியும். ஆனா அதே ரெண்டு வார்த்தை.

தம்பி, அந்த மஞ்சச் சுவர்கிட்ட நிறுத்துங்க. இங்கேதான்.

பாத்து இறங்குங்க, படி உயரம். இதான் வீடு. ஆமா, கூரை இல்ல, சுவர் மட்டும்தான் நிக்குது. சுவர்ல கோடு தெரியுதா, என் தலைக்கு மேல ஒரு முழம்? அது வரைக்கும் வந்துச்சு. இந்த மூலையிலதான் மெஷின் இருந்துச்சு. மிதிக்கிற மெஷின், அதுக்குக் கரண்ட் எதுக்கு? திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது, இருபது செட் பாக்கி. மழைன்னா அக்காவுக்கு ஒரு வேலை குறையும், யாரும் அளவு குடுக்க வர மாட்டாங்க. உக்காந்து தைச்சுட்டு இருந்திருக்கும்.

டவர் எங்கன்னா கேட்டீங்க? திரும்பிப் பாருங்க. ஆமா, இதுதான். நூத்தி எழுபது அடி எடுத்து வச்சா வந்துடும். நான் எண்ணியிருக்கேன். மெஷின்ல உக்காந்தா ஜன்னல் வழியா இதுதான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. உங்க போன எடுத்துப் பாருங்க. அஞ்சு கோடும் இருக்கா? இருக்கும். வெயில் நாள்ல எப்பவும் இருக்கும்.

வியாழக்கிழமை கண்டுபிடிச்சாங்க. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க, ரெண்டு வளையலு, கத்திரிக்கோலு, இந்த போனு. கவர் பிரியவே இல்ல. வெள்ளிக்கிழமை இங்க வந்து சேத்த வாரிட்டு இருந்தேன். கவர் ஓரத்த மட்டும் தொறந்து போன ஜீப்புல சார்ஜ் போட்டு, இந்தத் திண்ணையில வச்சிருந்தேன். சாயங்காலம் ஊருக்குக் கரண்ட் வந்துச்சு. டவர்ல செகப்பு லைட் எரிஞ்சுது. நான் மண்வெட்டியோட நிக்கறேன், போன் அடிக்குது. டிங். டிங். டிங். அக்கா போனுக்கு ஒவ்வொண்ணா மெசேஜ் வருது. முதல்ல வந்தது கம்பெனிக்காரனோட மழைக்காலச் சலுகை. ரெண்டாவது இது.

இந்தாங்க. கவரோடவே பிடிச்சுக்கோங்க, படிக்கலாம். ஆற்றங்கரையில் வசிப்போர் உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்லவும். அனுப்பின நேரம் செவ்வாய் பன்னண்டு பத்து. வந்து சேந்தது வெள்ளி நாலு இருபது. இப்ப கீழ அமுக்குங்க, அக்கா போட்ட கால் எல்லாம் வரும். காலையில பத்து மணியில இருந்து ரெண்டே முக்கால் வரைக்கும். ஒம்போது தடவை. எல்லாம் ஒரே நம்பருக்கு, ஒண்ணு கூடப் போகல. அந்த நம்பர் என்னுது. அன்னைக்கு என் போன்ல ஒரு மிஸ்டு கால் கூட இல்ல. நான் ஆபீஸ்ல உக்காந்து, மழை பெய்யுது, டவர் தூங்கியிருக்கும், சாயங்காலம் பேசிக்கலாம்னு இருந்தேன்.

அழாதீங்கம்மா. உங்கள அழ வைக்கணும்னு கூட்டிட்டு வரல. உங்க லெட்டர் என் சட்டைப் பையிலதான் இருக்கு, இந்தாங்க. நீங்களே திரும்ப வாங்கிக்கிட்டா நான் பதில் எழுத வேண்டியதில்ல. அறுநூறு டவரும் வேணாம், ஆத்தோரத்துல இருக்கற நாப்பத மட்டும் பாருங்க, நான் கூட வர்றேன், இதே ஜீப்புல. யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல, இருட்டறதுக்கு இன்னும் நேரம் இருக்கு.

டைரக்டர் நேத்து சொன்னாரு, புதுசா ஒண்ணும் யோசிக்காதய்யா, போன தடவை இருபத்தொன்பதாவது கேள்விக்கு ஒரு வாசகம் எழுதினியே, அதையே எடுத்துப் போடுன்னு. ஆமாம்மா, என்கிட்டதான் சொன்னாரு. வழி பூரா அந்த ஆபீசர், அந்த ஆபீசர்னு சொல்லிட்டு வந்தேன். அக்கா சொன்னத அவர் காதுல போட்டேன்னும் சொன்னேன். போடறதுக்கு வேற காது இல்ல. நேத்து மத்தியானத்துல இருந்து பேனாவத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன், கை ஓட மாட்டேங்குது. போன தடவை டீ ஆறறதுக்குள்ள எழுதிட்டேன்.